சுகர் ஏறி இறங்குகிறதா? மாத்திரையைக் கூட்டச் சொல்லும் முன் இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை

அதே நாலு இட்லி, அதே மாத்திரை. நேற்று சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 148 காட்டிய மீட்டர் இன்று 236 காட்டுகிறது. மறுநாள் காலை பதினொன்றரை மணிக்குக் கை நடுங்கி வேர்த்து ஊற்றுகிறது, பார்த்தால் 61. டைப் 2 சர்க்கரை நோய்க்கு இப்போதுதான் மாத்திரை தொடங்கியவர்களும், ஒரு மாத்திரையிலிருந்து இரண்டு மூன்றுக்கு மாறியவர்களும் முதல் சில மாதங்களில் மாட்டிக்கொள்வது இந்தக் குழப்பத்தில்தான். 236-ஐப் பார்த்ததும் டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். 61-ஐப் பார்த்ததும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஆட்டத்தை இன்னும் பெரிதாக்கும்.

மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. ஆனால் கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அவர் முன்னால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் கொண்டுபோகும் தகவல் தவறாக இருந்தால், தவறான மாத்திரைதான் மாறும். சரியான தகவலைச் சேர்ப்பதற்கான வழி கீழே. டைப் 1 உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கே வேறு. அவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். எண்கள் எல்லாம் இந்திய மீட்டர்களில் வரும் மில்லிகிராம் கணக்கு.

1. அட்டையைத் திருப்பிப் பார்த்து மருந்தின் உண்மைப் பெயரை எழுதுங்கள்

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் கொட்டுங்கள். பிராண்டு பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, வோக்ளிபோஸ், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், பியோகிளிட்டசோன். பெரும்பாலான சீட்டுகளில் இருப்பது இவற்றில் இரண்டு அல்லது மூன்று.

நம் ஊரில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து விற்பது வழக்கம். பிராண்டு பெயருக்குப் பின்னால் வரும் 1, 2 என்ற எண் பெரும்பாலும் கிளிமெபிரைடின் மில்லிகிராம். ‘ஃபோர்ட்’ என்று வந்தால் மெட்ஃபார்மின் 500-க்குப் பதில் 1000 இருக்க வாய்ப்பு அதிகம். மருந்துக்கடையில் 1 இல்லையென்று 2 கொடுத்து, "பாதியா உடைச்சுப் போட்டுக்கங்க" என்றால் வாங்காதீர்கள். கூட இருக்கும் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகையாக இருந்தால், உடைத்ததும் அது மொத்தமாக ஒரே நேரத்தில் வெளியேறிவிடும்.

இந்தத் தாளை எழுதும்போது அடிக்கடி வெளிவரும் தவறு ஒன்று உண்டு. தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை ஒரு பக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் கிடைக்கும் மாத்திரை இன்னொரு பக்கம். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். இரண்டிலும் இருப்பது அதே கிளிமெபிரைடு, அல்லது அதே குடும்பத்துக் கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு. விளங்காத லோ சுகருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து, உங்கள் பட்டியலில் சுகரை 70-க்குக் கீழே தள்ளக்கூடிய மருந்து எது என்று வட்டம் போடுங்கள். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின். இவை ரத்தத்தில் சுகர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வேலை செய்வதில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இறக்கும். மெட்ஃபார்மினோ, கிளிப்டின் வகையோ, கிளிஃப்ளோசின் வகையோ தனியாக இருக்கும்போது லோ ஆவது அரிது. வட்டம் போட்ட மருந்தோடு சேர்ந்தால் அவையும் உடன் இறக்கும்.

2. மாத்திரை நேரத்தைச் சாப்பாட்டோடு கட்டுங்கள்

‘காலை 1, இரவு 1’ என்று சீட்டில் இருப்பது முழுத் தகவல் அல்ல. ஒவ்வொரு மருந்துக்கும் சாப்பாட்டோடு ஒரு நேரக் கணக்கு உண்டு.

கிளிமெபிரைடை அன்றைய முதல் பெரிய சாப்பாட்டோடு, அல்லது அதற்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும். எடுத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். காலை ஆறு மணி காபியோடு போட்டுவிட்டு ஒன்பதரைக்கு டிபன் சாப்பிட்டால், மருந்து முழு வேகத்தில் இருக்கும்போது வயிறு காலி. எட்டரைக்கு லோ, டிபனுக்குப் பின் ஏற்றம். காபி சாப்பாடு ஆகாது. மாத்திரையை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்; தட்டு வந்தபின் விழுங்குங்கள். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வாக்கிங் போவதும் அதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

கிளிபிசைடு சாதாரண மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன். கிளிக்ளசைடு எம்ஆர் (மருந்தை மெதுவாக வெளியிடும் வகை) காலை உணவோடு.

மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவதாகச் சொல்லி விட்டுவிடுபவர்களில் பலர் வெறும் வயிற்றில் போட்டவர்கள். எஸ்ஆர் வகை ஒரு நாளைக்கு ஒன்று என்றால் வழக்கமாக இரவுச் சாப்பாட்டோடு. முழுதாக விழுங்க வேண்டும். மலத்தில் மாத்திரை அப்படியே வெளியே வந்ததுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது, வருவது வெறும் கூடு.

வோக்ளிபோஸ், அகார்போஸ் இரண்டும் முதல் வாய்ச் சோற்றோடு. மாவுச்சத்து குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவதுதான் இவற்றின் வேலை. சாப்பிட்டு அரை மணி கழித்துப் போட்டால் பெரும்பகுதி வீண். காலை டிபன் சாப்பிடவில்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் வேண்டாம்.

கிளிப்டின், கிளிஃப்ளோசின் வகைகளுக்குச் சாப்பாட்டுக் கணக்கு பெரிதாக இல்லை. தினமும் ஒரே நேரம் என்றால் போதும். கிளிஃப்ளோசினைக் காலையில் எடுங்கள், இரவில் சிறுநீருக்கு எழுந்திருப்பது குறையும். மாத்திரை வடிவ செமாக்ளுடைடு எழுதியிருந்தால் மட்டும் தனிக் கணக்கு: காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரில், அதன்பின் 30 நிமிடம் காபி உட்பட எதுவும் கூடாது.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள். காலையில் விட்ட கிளிமெபிரைடைப் படுக்கப்போகும் முன் ஞாபகம் வந்து விழுங்குவது மிக ஆபத்து. அன்றைக்கு விட்டது விட்டதாகவே இருக்கட்டும், நோட்டில் எழுதினால் போதும்.

3. மீட்டர் சொல்வது நம்பத் தக்கதா என்று பாருங்கள்

நல்ல மீட்டருக்கே சர்வதேசத் தரம் அனுமதிக்கும் பிசகு இவ்வளவு: 100-க்கு மேலே 15 சதவீதம், 100-க்குக் கீழே 15 மி.கி. அதாவது உண்மையில் 200 இருந்தால் மீட்டர் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்து 182, 197 என்று வந்தால் அது ஏற்றம் அல்ல. அந்தச் சோதனைக்காக ஸ்ட்ரிப்பைச் செலவழிக்கவும் வேண்டாம்.

நம் கையால் வரும் பிசகுதான் பெரியது. மாம்பழமோ வாழைப்பழமோ உரித்த கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டிய சர்க்கரையே எண்ணை நூறு, அதற்கும் மேலாகக் கூட்டிவிடும். சானிடைசர் அந்தச் சர்க்கரையைப் போக்காது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈர விரலில் ரத்தம் நீர்த்துப்போகும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. துளி வரவில்லையென்று விரலை அழுத்திப் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக நீவினால் வரும்.

ஸ்ட்ரிப் டப்பாவில் இரண்டு தேதி முக்கியம். அச்சிட்ட காலாவதி ஒன்று. மூடியைத் திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் என்பது இன்னொன்று. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவின் மேலேயே இருக்கும். திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் மூடி திறந்து கிடந்த டப்பாவை நம்ப முடியாது. ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த மீட்டர் 7.8, 11.2 என்று காட்டினால் அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்குங்கள். 7.8 என்றால் 140. லேபில் எடுக்கும் மூன்று மாத சராசரியோடு (HbA1c) இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

4. ஐம்பது ஸ்ட்ரிப்பில் பன்னிரண்டு நாள்

நினைத்தபோது குத்தி, நினைத்ததை ஞாபகத்தில் வைத்திருந்தால் டாக்டருக்கு எதுவும் விளங்காது. தினமும் ஏழு முறை குத்துவதற்குக் கையிலும் பையிலும் தெம்பு இருக்காது. நடுவழி இது.

முதல் நாள் காலை டிபனுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். இப்படியே நான்கு சுற்று. பன்னிரண்டு நாளில் 24 ஸ்ட்ரிப், ஒவ்வொரு வேளைக்கும் நான்கு ஜோடி எண்கள். ‘பின்’ என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. மீதி ஸ்ட்ரிப்பில் இரண்டை விடியற்காலை மூன்று மணிக்கு, இரண்டு வேறு நாட்களில் வையுங்கள். மற்றவை, உடம்பு சரியில்லாததுபோல் தோன்றும் நேரங்களுக்கு.

எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு விஷயம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட ஆரம்பித்த நேரம், என்ன சாப்பிட்டீர்கள், நடந்தீர்களா. சாப்பாட்டை எண்ணிக்கையிலும் எடையிலும் எழுதுங்கள். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம். ‘ரெண்டு கரண்டி சாதம்’ என்று எழுதுகிறோம், கரண்டியோ வீட்டுக்கு வீடு வேறு. பன்னிரண்டு நாளும் ஒரே கிண்ணத்தில் அளந்து போட்டுக்கொண்டாலே பாதிப் புதிர் அவிழும். மாலை காபியில் சர்க்கரை, பேருந்து நிலையத்தில் வடை, கோயிலில் வாங்கிய சர்க்கரைப் பொங்கல், எல்லாம் எழுத வேண்டியவை. பார்க்கப்போவது நீங்களும் டாக்டரும் மட்டுமே.

இந்த நாட்களில் சாப்பாட்டைத் திடீரென்று திருத்தாதீர்கள். வழக்கமாக எப்படி நடக்கிறதோ அதுதான் பதிவாக வேண்டும்.

5. எண்களை வேளைவாரியாகப் படியுங்கள்

பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே. வயதானவர்களுக்கும், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார். எண்பது வயதுப் பாட்டிக்கு 110 வர வேண்டுமென்று துரத்துவது அவரைக் குளியலறையில் விழவைப்பதில் முடியலாம்.

காலை வெறும் வயிற்று எண் மட்டும் தொடர்ந்து உயர்வு, மற்றவை பரவாயில்லை என்றால், இரவு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுப்பது ஒரு காரணம். விடியற்காலையில் உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன்கள் ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் கலக்கவிடுவது இன்னொன்று; முந்தைய இரவு பட்டினி கிடந்தாலும் இது நடக்கும். மூன்று மணி எண் 150-க்கு மேல் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். 70-க்குப் பக்கத்தில் இருந்தால், தலையணை நனைய வேர்வையும் கெட்ட கனவும் காலைத் தலைவலியும் இருந்தால், டாக்டரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த ஒரு எண் தெரியாமல் இரவு மருந்தைக் கூட்டினால் விபரீதம்.

காலை எண் சரி, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் உயர்வு என்றால், முன்-பின் வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். 60-க்கு மேல் ஏறும் வேளை எது? அந்த வேளையின் தட்டில்தான் விடை இருக்கும். சாப்பிட்டவுடன் 15 நிமிட நடை இந்த ஏற்றத்தைக் கண்கூடாகக் குறைக்கும். நோட்டில் நடந்த நாளையும் நடக்காத நாளையும் ஒப்பிட்டால் தெரியும்.

பதினொன்று முதல் ஒன்றரைக்குள் இறக்கம் என்றால் காலை கிளிமெபிரைடு, சின்ன டிபன், தாமதமான மதியச் சாப்பாடு, இந்த மூன்றும் சேர்ந்த கதை.

சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தில் லோ, நான்கு மணி நேரம் கழித்து உயர்வு, சீக்கிரமே வயிறு நிறைந்த உணர்வு, உப்புசம். பல வருடமாகச் சுகர் உள்ளவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு இருக்கலாம். இதைத் தனியாகக் குறித்துக் காட்டுங்கள், வழக்கமான டோஸ் மாற்றத்தில் இது அடங்காது.

6. லோ வந்தால்: 15 கிராம், 15 நிமிடம்

70-க்குக் கீழே போனால் லோ. 54-க்குக் கீழே போனால் கடுமையான லோ. நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், வார்த்தை குழறல். மீட்டர் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் சர்க்கரை எடுங்கள்.

அளவு 15 கிராம் குளுக்கோஸ்: குவித்த மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியபின், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட், ஒரு இட்லி என்று ஏதாவது. சாக்லேட்டும் பால் இனிப்பும் கொழுப்பு உள்ளதால் மெதுவாகவே ஏற்றும்.

வோக்ளிபோஸ், அகார்போஸ் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சமையலறைச் சர்க்கரை, மிட்டாய், வெல்லம் உங்களுக்கு உடனே வேலை செய்யாது. குடலில் சர்க்கரை உடையும் வழியையே அந்த மாத்திரை அடைத்திருக்கிறது. குளுக்கோஸ் பொடி அல்லது குளுக்கோஸ் மாத்திரை மட்டும்தான். மூன்று மருந்து கலந்த மாத்திரையில் வோக்ளிபோஸ் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. முதல் படியில் தாளில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

பயத்தில் இரண்டு லட்டும் ஒரு பாட்டில் ஜூஸும் உள்ளே போனால் இரண்டு மணி நேரத்தில் 280 காட்டும். அந்த 280-ஐ மட்டும் டாக்டரிடம் காட்டினால் மாத்திரை கூடும், மறுபடி லோ வரும். மாதக்கணக்கில் ஏறி இறங்கும் பலருடைய கதை இந்தச் சுழல்தான். லோ வந்ததையும் என்ன தின்றீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கிளிமெபிரைடு வகையால் வந்த லோ ஒரு முறை சரியானாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், அடுத்த நாள்கூட வரலாம். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் 54-க்குக் கீழே ஒருமுறை போனாலே ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைப்பது நல்லது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

பிரஷருக்கும் இதயத்துக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வேர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வேர்த்தால் குத்திப் பாருங்கள்.

7. ஊசி போடுபவர்களுக்கு

சுகர் கண்டபடி ஆடினால் முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்திருந்தால், அங்கே போட்ட இன்சுலின் ஒருநாள் தாமதமாகவும் ஒருநாள் சீக்கிரமாகவும் சேரும். தடித்த இடத்தை விட்டு இடம் மாற்றுங்கள். மாற்றியதும் மருந்து முழுதாகச் சேர்ந்து லோ ஆகலாம் என்பதால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இந்தியாவில் குப்பி இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

30/70 கலவை இன்சுலினை, மனித இன்சுலின் வகை என்றால், சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் முன் போட வேண்டும். உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டிக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். ஃபிரீசருக்குள் போய் உறைந்தது வீண்.

8. இடையில் புகும் மருந்து, காய்ச்சல், விரதம்

மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் தோல் அலர்ஜிக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு (பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், டிஃப்ளாசகார்ட், முழங்காலில் போடும் ஊசி) சுகரை ஏற்றும். காலையில் எடுத்த பிரெட்னிசோலோனுக்கு மதியமும் மாலையும் ஏறும், மறுநாள் காலை எண் சரியாகவே இருக்கும். காலை எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எதிர்த்திசையில், லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்ஸசோல் போன்ற ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோலும் கிளிமெபிரைடு வகையோடு சேர்ந்தால் இறக்கிவிடும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் முதல் படியில் எழுதிய தாளைக் காட்டுங்கள்.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மெட்ஃபார்மினையும் கிளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும். கிளிமெபிரைடைக் குறைக்க வேண்டிவரும். இதை அன்றைக்குத் தேடாமல், நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிவையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். கிளிஃப்ளோசின் எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் இருந்தால், சுகர் 200-தான் இருக்கிறது என்று வீட்டில் இருக்காதீர்கள். கீட்டோன் (சர்க்கரைக்குப் பதில் கொழுப்பு எரிவதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இந்த மாத்திரை எடுப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள்.

சஷ்டி, ஏகாதசி, நோன்பு மாதம் எதுவானாலும் முன்னதாகவே டாக்டரிடம் நேரத்தை மாற்றி வாங்குங்கள். இரவில் சாப்பிடாமல் மது குடித்துப் படுப்பதும் கிளிமெபிரைடும் சேர்ந்தால் விடியலில் கடுமையான லோ வரும்.

சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய்ச் சாறு எடுத்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். லேபிள் இல்லாத ‘சுகர் பொடி’ வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் கலந்திருந்தது பல நாடுகளில் சோதனைக்கூடத்தில் பிடிபட்டிருக்கிறது.

9. லேபுக்குப் போகும் நாளில்

பன்னிரண்டு நாள் முடிந்ததும் லேப். வெறும் வயிற்று ரத்தம் கொடுக்கும்வரை மாத்திரை வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். கொடுத்ததும், வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரக் கணக்கில் போட்டு, வழக்கமான டிபன் சாப்பிட்டு, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அடுத்த ரத்தம். லேப் நாளில் மாத்திரையே போடாமல் டிபன் மட்டும் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுப்பவர்கள் ஏராளம். எண் 270 வரும், டாக்டர் அதை மாத்திரையோடு வந்த எண் என்று நம்பி டோஸைக் கூட்டுவார். அடுத்த வாரம் லோ.

குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னால், ஏற்கனவே மாத்திரை எடுப்பதாகச் சொல்லுங்கள். அது நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கான சோதனை.

மூன்று மாத சராசரி 7 சதவீதம் என்றால் சராசரி சுகர் ஏறத்தாழ 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. 60-க்கும் 250-க்கும் நடுவில் ஆடுபவருக்கும் 7 வரும், 130-க்கும் 170-க்கும் நடுவில் நிற்பவருக்கும் 7 வரும். அதனால் இந்த எண்ணோடு நோட்டும் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் இது பொய்யாகக் கூடும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் சமீபத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கும் பொய்யாகக் குறையும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) இரண்டும் கட்டாயம். இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் சில மருந்துகளும் இன்சுலினும் உடம்பில் தங்கி லோ கூடும். ‘அதே மாத்திரைதான், இப்போது மட்டும் ஏன் இறங்குகிறது’ என்பதற்கு இதுவே விடையாக இருக்கலாம்.

கிளிஃப்ளோசின் எடுப்பவர் சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ் வந்ததென்று பதற வேண்டாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான் அந்த மருந்தின் வேலை.

10. டாக்டர் முன்னால் ஐந்து நிமிடம்

கொண்டுபோக வேண்டியவை: மருந்துப் பட்டியல் தாள், பன்னிரண்டு நாள் நோட்டு, லேப் ரிப்போர்ட், பழைய சீட்டு, மீட்டர். வாயைத் திறந்ததும் லோவைச் சொல்லுங்கள்: எத்தனை முறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு. பிறகு எந்த வேளை ஏறுகிறது என்பது. கேட்க வேண்டிய கேள்வி மூன்று: எந்த மருந்து எந்த வேளையை இறக்குகிறது, சாப்பிட முடியாத நாளில் எதை விட வேண்டும், எனக்கான இலக்கு எண் எவ்வளவு.

மாற்றம் செய்தபின் பொறுமை வேண்டும். கிளிமெபிரைடின் விளைவு சில நாளில் தெரியும். மெட்ஃபார்மினுக்கு ஒன்றிரண்டு வாரம். பியோகிளிட்டசோன் முழுதாக வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும், கால் வீங்கினால் காத்திருக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே வேறு டாக்டரிடம் போய் இன்னொன்றைச் சேர்த்தால், எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாத சராசரியை மூன்று மாதம் கழித்தே மறுபடி பாருங்கள், ஐந்தாவது வாரத்தில் பார்ப்பது காசுக்குக் கேடு.

11. செலவு

மீட்டர் ஏறத்தாழ 600 முதல் 1,500 ரூபாய். மீட்டர் மலிவாகக் கிடைக்கும், காசு போவது ஸ்ட்ரிப்பில்தான். 50 ஸ்ட்ரிப்புக்குப் பிராண்டைப் பொறுத்து ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ஆகும். அதனால் மீட்டர் வாங்கும் முன் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள், உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்று மாத சராசரிக்குத் தனியார் லேபில் ஏறத்தாழ 300 முதல் 600. தோளில் ஒட்டும் 14 நாள் சென்சார் ஏறத்தாழ 5,000 ரூபாய். நோட்டு வைத்தும் விளங்காத இரவு லோ உள்ளவர்களுக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயன் தரும், எல்லோருக்கும் தேவையில்லை.

மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு இரண்டும் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் பதிவு செய்துகொண்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். சிட்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டின் காப்புரிமையும் முடிந்து சில வருடம் ஆகிறது. எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சில் முடிந்தது. பழைய பிராண்டுக்கு இன்னும் மாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால், மருந்துப் பெயரில் சீட்டு எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். கடை மாற்றி வாங்கும் முதல் முறை மட்டும், அட்டையின் பின்பக்கப் பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் காசு கொடுங்கள்.